படப்பு நின்ற இடம்

ஆதிச்சநல்லூர்ப் பரம்பைப் பார்க்க வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் ரோட்டோரத்தோடு திருப்தி அடைந்துவிடுவார்கள். அங்கே அரசாங்கத்தின் நீலப் பலகை ஒன்று நிற்கும். இங்கே தோண்டக் கூடாது, எடுக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். பலகைக்குப் பக்கத்தில் நின்று, காலால் இரண்டு ஓட்டாஞ்சில்லைப் புரட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, அடுத்த திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கோபுரமா, சிலையா, ஒன்றும் கிடையாது. சரளை பரவிய மொட்டை மேடு. செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த காடு. எத்தனை தலைமுறைக்கு முன்னால் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

பலகையை விட்டு மேற்கே நடந்தால் பரம்பு நீண்டுகொண்டே போகும். அங்கே ஆள் வாடை இருக்காது. சரளைக்குள் வட்டம் வட்டமாகத் தாழிகளின் வாய் விளிம்பு தெரியும். சில தாழிகளுக்குள் மழைத்தண்ணீர் தேங்கிக் காய்ந்து, வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வடக்கே பார்த்தால் தாமிரபரணி வயல்கள், அதற்கப்பால் ஆற்றங்கரை மரங்கள். அந்த வயல்களுக்கு நடுவில் இருக்கிறது நான் பிறந்த ஊர். பரம்பைப் பார்த்தபடியே வளர்ந்தவள் நான். ஆனாலும் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அதைப் பறிகொடுத்த பிறகுதான் அந்த மேற்குக் கோடிக்கு நடந்து போனேன்.

கல்யாணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை. புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கடலுக்குள் கல் கொட்டும் லாரிகளின் சத்தம் ஊரெல்லாம் கேட்கும். அந்தத் துறைமுக வேலையில் ஒரு லாஞ்சுப் படகில் இருந்தவர் என் கணவர். ட்ரங்க் கால் புக் பண்ண வந்து நிற்பார். லைன் கிடைக்கவில்லை என்றால் மற்றவர்கள் என்மேல் எரிந்து விழுவார்கள். இவர் மட்டும், "கடல்லயும் இப்படித்தான், காத்து வந்தாத்தான் உண்டு" என்று பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அதில்தான் விழுந்தேன். அவர் கடற்கரைக் கிறிஸ்தவர். நான் வயக்காட்டு வீட்டுப் பெண். ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து என் அப்பா அவரோடு பேசவில்லை. என்னோடு பேசினார் என்று சொல்ல ஆசைதான், அதுவும் இல்லை.

அம்மா அப்படி இருக்கவில்லை. எனக்கு ஏழாம் மாதம் ஆனதும், யாரையும் கேட்காமல் பஸ் ஏறித் தூத்துக்குடிக்கு வந்து நின்றாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும், அதில் எந்தச் சாமிக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். "வெந்நி போட்டுக் குடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வயலுக்குப் போனார். அதுதான் எனக்குக் கிடைத்த மன்னிப்பு.

கார்த்திகை மழையில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. பிறக்கும்போதே மூச்சில்லை. நான் மயக்கத்தில் கிடந்தேன். அந்த வருஷம் மழை பேய் மழை. தகவல் கிடைத்து என் கணவர் பாதி தூரம் பஸ்ஸிலும் மீதி தூரம் முழங்கால் தண்ணீரிலுமாக வந்து சேர்ந்தார். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு அவருடைய ஊர்க் கல்லறையில் என்ன சொல்வார்களோ, கேட்டுப் பார்க்கக்கூட வழியில்லை, ரோடு மூழ்கிவிட்டது. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளைச் சொந்த நிலத்தின் ஓரத்தில் புதைப்பார்கள். ஆனால் நிலம் எங்கே இருந்தது? பார்த்த இடமெல்லாம் நடவு முடிந்து தண்ணீர் கட்டி நின்றது. ஊரைச் சுற்றி ஈரமில்லாத மண் என்று ஒன்று இருந்தால் அது பரம்புதான்.

ஆகவே பேச்சு வார்த்தை இல்லாத அந்த இரண்டு ஆண்களும் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பரம்புக்குப் போனார்கள். அப்பா கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டார். இவர் பிள்ளையை ஒரு புதுத்துண்டில் சுற்றி, தன்னுடைய மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். ரோட்டுப் பக்கம் வேண்டாம், ஆள் நடமாட்டம் இருக்கும் என்று அப்பா மேற்கே நடந்தாராம். சரளை இறுகிக் கிடந்ததால் குழி தோண்ட வெகுநேரம் பிடித்ததாம். போகும்போதும் திரும்பும்போதும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்று இவர் பிறகு சொன்னார். நீலப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பா படித்ததில்லை. படித்திருந்தாலும் தோண்டியிருப்பார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சின்னப் பிள்ளையைப் புதைத்த இடத்தில் கல் நடக் கூடாது, செடி வைக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. அடையாளம் வைத்தால் பிள்ளை அங்கேயே நின்றுவிடும், திரும்ப வயிற்றுக்கு வராது என்பார்கள். கடற்கரையில் இதற்கு நேர்மாறு. கல்லறைத் திருநாளுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய், சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றி, செத்தவர்களோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார்கள். இடம் தெரியாமல் ஒருவரைப் புதைப்பது என்பது என் கணவருக்கு, ஆளை நடுக்கடலில் விட்டுவிட்டுக் கரைக்கு வந்த மாதிரி. அதனால் அப்பா மண்ணை மூடிச் சமப்படுத்திக்கொண்டிருந்தபோது, இவர் அப்பாவுக்குத் தெரியாமல் கணியம் வைத்துவிட்டார்.

கணியம் என்பது ஒன்றும் பெரிய மந்திரமில்லை. கடலில் ஓரிடத்தில் மீன் நிறைய இருந்தால், மறுநாள் அதே இடத்துக்குத் திரும்ப வர வேண்டும். தண்ணீரில் கோடு கிழிக்க முடியாது. கரையைப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் பனைமரமும் அதற்குப் பின்னால் கோயில் கோபுரமும் நேராக வருகிறதா, இன்னொரு பக்கம் ஒரு குன்றும் அதற்கு முன்னால் ஒரு வீடும் நேராக வருகிறதா என்று மனதில் வாங்கிக்கொள்வார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் நேராக வந்தால் அதே இடம். சங்கு குளிக்கிறவர்களும் இப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். மேற்கே ஓர் ஒற்றைப் பனை, அதற்குப் பின்னால் கருங்குளத்து மலைக்கோயில். வடக்கே வயலுக்குள் ஒரு பெரிய கூரைக் கட்டடம், அதன் வலது முனைக்குப் பின்னால் ஆற்றங்கரையில் நுனி பட்டுப்போன ஒரு மருதமரம். இதுதான் என் பிள்ளையின் கணியம்.

இதை அவர் என்னிடம் சொன்னது தூத்துக்குடிக்குத் திரும்பி வந்த பிறகு. நான் வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பிள்ளையின் முகத்தை யாரும் எனக்குக் காட்டவில்லை. காட்டினால் மறக்க மாட்டேன் என்று நல்லெண்ணத்தில் செய்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முகம்தான் இல்லை, இடமாவது ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒரு தடவை அங்கே போய் நிற்க வேண்டும். நின்றால் எழுந்து நடமாடிவிடுவேன் என்று எனக்கு ஒரு நிச்சயம் இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சித்திரையில் போனோம். ஊருக்குச் சொல்லவில்லை. ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, பலகையைத் தாண்டி நடக்க ஆரம்பித்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. பரம்பில் நடப்பதற்கு வழி என்று கிடையாது. தாழி வாய்களை மிதித்துவிடாமல் சுற்றிச் சுற்றித்தான் போக வேண்டும். வீட்டுக்குள் படுத்துத் தூங்குகிறவர்களைத் தாண்டிப் போகிற மாதிரி, நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஓரிடத்தில் ஒரு பெரிய தாழி பாதி உடைந்து பக்கவாட்டில் தெரிந்தது. அதன் வளைவு அப்படியே நிறைமாத வயிறு. நான் நின்றுவிட்டேன். அவர் கொஞ்சம் முன்னால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அந்தக் காலத்து ஆட்கள் இவ்வளவு பெரிய பானையைச் சுட்டு, இவ்வளவு தூரம் தூக்கி வந்து, பாறையைக் குடைந்து இறக்கியிருக்கிறார்களே, அவர்களுக்குத் தங்கள் ஆட்கள் எங்கே என்று தெரிந்திருக்கும். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். பிறகு எந்தத் தலைமுறையில் யார் கடைசியாக வந்து நின்றுவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். கடைசியாக வந்தவருக்குத் தான்தான் கடைசி என்று தெரிந்திருக்காது.

மேற்குக் கோடிக்கு வந்ததும் அவருடைய நடை மாறிவிட்டது. கழுத்தை நீட்டி மேற்கே பார்ப்பார், வடக்கே பார்ப்பார், நாலடி தள்ளி நிற்பார், திரும்பப் பார்ப்பார். பனைக்கு நேர் பின்னால் மலைக்கோயில் வந்தது. அப்படியே அந்த நேரில் நகர்ந்து போய் ஓரிடத்தில் நின்றார்.

"இதுதான் ஏளா" என்றார்.

வெறும் சரளை. நான் உட்கார்ந்தேன். கையை வைத்தேன், கல் சுட்டது. இத்தனை மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்து ஏற்றப் பார்த்தார். காற்றில் தீக்குச்சி நிற்கவில்லை. வெயிலில் மெழுகுவத்தியே வளைந்து போயிருந்தது. அதைப் பார்த்து அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனசு லேசான மாதிரி இருந்தது.

லேசான மனசோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எப்படிப் பாத்தீங்க, எனக்கும் காட்டுங்க" என்றேன். அடுத்த தடவை நான் தனியாக வர வேண்டியிருந்தால் தெரிய வேண்டாமா? அவர் என் தோளைப் பிடித்து மேற்கே திருப்பினார். பனை, கோயில். சரி. வடக்கே திருப்பினார். "அந்தா, அந்தக் கூரையோட வலது முனை. பின்னால மருதமரம். தெரியுதா?"

எனக்குத் தெரிந்தது. அது கூரை இல்லை. வைக்கோல் படப்பு.

எங்கள் பக்கத்துப் படப்பு வீடு உயரத்துக்கு, வீட்டை விட நீளமாக, மேலே கூரை மாதிரியே சரித்துப் போட்டிருக்கும். கடற்கரையில் பிறந்தவர், மழை இருட்டில் அதைப் பார்த்து ஓலைக்கூரை போட்ட பெரிய கட்டடம் என்று நினைத்தது தப்பில்லை. ஆனால் இப்போது நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த படப்பு பொன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. கார்த்திகை மழையில் நனைந்த வைக்கோல் கறுத்துப் போகும். இது பங்குனி அறுப்பு வைக்கோல். போட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பழைய படப்பை மாடுகள் மாசிக்குள் தின்று தீர்த்திருக்கும். பழைய இடத்தில் கறையான் ஏறியிருந்தால் புதுசை வேறு இடத்தில்தான் போடுவார்கள்.

சொல்லலாமா, விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அழுதாயிற்று. மனசும் ஆறின மாதிரி இருக்கிறது. இந்தச் சரளைக்கும் அந்தச் சரளைக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் அடுத்த தடவை வந்து உட்காரும்போது, இது இல்லை என்று எனக்குத் தெரியுமே. தெரிந்துகொண்டே எப்படி உட்காருவது?

"ஏங்க, அது இந்த வருஷத்து வைக்கோல்" என்றேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். "நகர்ற பொருளைக் கணியம் வெச்சிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நங்கூரம் போட்ட கப்பலைப் பார்த்துக் கணியம் வைக்கிறவனைக் கடற்கரையில் சின்னப் பயல்கள்கூடக் கேலி செய்வார்களாம். படப்பு அங்கே கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் இங்கே இடம் நிறைய விலகிவிடும் என்றார். பனையும் கோயிலும் இன்னும் நேராகத்தான் இருந்தன. ஆகவே பிள்ளை அந்த நேர்கோட்டில் எங்கேயோ இருக்கிறாள். எங்கே என்றுதான் தெரியவில்லை. அந்தக் கோட்டின் மேல் நான் இரண்டு தடவை போய் வந்தேன். ஒவ்வோர் அடிக்கும், மிதிக்கிறேனோ, மிதிக்கிறேனோ என்று குனிந்து தரையைப் பார்த்தேன்.

மரியாதையாகத் துக்கம் கொண்டாட விட்டார்களா என்று எல்லோர் மேலும் கோபம் வந்தது. மயக்கம் தெளிந்த பிறகும், பெண்பிள்ளை அங்கே வரக் கூடாது என்று என்னைக் கட்டிலில் போட்டார்களே, நான் வந்திருந்தால் ஒரே பார்வையில் அது படப்பு என்று சொல்லியிருப்பேனே. அந்தக் கோபத்தோடுதான் பரம்பை விட்டு வயலுக்குள் இறங்கினேன். படப்புக்குப் பக்கத்தில் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிக்கொண்டு ஓர் ஆள் நின்றது மேலிருந்தே தெரிந்தது. என் அப்பா.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எப்ப வந்த?"

"இப்பதான்."

"அவுக?"

"மேல நிக்காக."

அப்பா பரம்பை நிமிர்ந்து பார்த்தார். எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிட்டது. கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார்.

"போன படப்பு எங்கனப்பா கெடந்துச்சு?" என்றேன். ஏன் என்று கேட்டார். பனையையும் கோயிலையும் படப்பையும் மரத்தையும் சொன்னேன். "படப்பையா அடையாளம் வெச்சாக?" என்று அவருக்கு உதடு துடித்தது, சிரிப்பு வருகிற மாதிரி. பிறகு அந்த முகம் சுருங்கிவிட்டது. "அடையாளமே வெக்கக் கூடாதுன்னுதான ளா நான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். நான் அவரிடம் கெஞ்சவில்லை. கெஞ்சுகிற நிலையில் இல்லை, ஒருவேளை கத்தியிருப்பேன்.

தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்ற வயலுக்குள் இறங்கி மேற்கே நடந்தார். வரப்பைத் தாண்டி ஒரு மேட்டில் நின்று தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். அங்கே மண் கறுத்து, மக்கிய வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது கீழ்முனை. அந்தா அது மேல்முனை. அவுகளுக்கு எது வேணும்?"

எனக்குத் தெரியாது. பாதி தூரம் ஓடிப் போய் இவரைப் பார்த்துக் கத்தினேன். "வலது முனை!" என்று பதில் வந்தது. லாஞ்சிலிருந்து கரைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். இவருக்கு வலது என்றால் அப்பாவுக்குக் கிழக்கு. திரும்பி அப்பாவிடம் "கீழ்முனை!" என்று கத்தினேன். இந்தப் பக்கத்துக் குரலை அந்தப் பக்கம் மாற்றிக் கொடுப்பதுதானே என் உத்தியோகம். எக்ஸ்சேஞ்சில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ததை அங்கே வயலில் நின்று மூச்சிரைக்கச் செய்தேன். அப்பா கீழ்முனையில் போய் நின்றார். நான் பரம்பில் ஏறினேன்.

ஏறிக்கொண்டிருந்தபோதே இவர், நான் இருப்பதையே மறந்தவர் மாதிரி, நேராக அப்பாவைப் பார்த்து, "மாமா! துண்டைத் தூக்குங்க!" என்று சத்தம் போட்டார். எனக்குக் கால் நின்றுவிட்டது. வயலுக்குள் அந்தச் சின்ன உருவம் துண்டைத் தலைக்கு மேல் நீட்டியது.

நான் போய்ச் சேர்ந்ததும் இவர் பனையையும் கோயிலையும் விடாமல் அந்தக் கோட்டிலேயே மேற்கே நகர்ந்தார். ஆற்றங்கரையில் பட்டுப்போன மருதமரம் அப்பாவுக்குக் கிழக்கே தள்ளி இருந்தது. நாங்கள் நகர நகர அது அப்பாவை நெருங்கி வந்தது. கடைசியில் மரம் நேர் பின்னால் வந்து, வெள்ளைத் துண்டின் மேல் அதன் பட்ட நுனி நின்றது. இவரும் நின்றார். மேற்கே பார்த்தார், வடக்கே பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்து, சட்டென்று பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

அங்கேயும் சரளைதான். கொஞ்சம் தள்ளி ஒரு பழைய தாழியின் விளிம்பு, கால்வட்டம் மட்டும் வெளியே தெரிந்தது. நடுவில் எதுவும் முளைக்கவில்லை. நான் உட்காரவில்லை. அழவும் இல்லை, அழுகையைத்தான் தப்பான இடத்தில் செலவழித்துவிட்டேனே. நின்று பார்த்தேன். என் மகள் இங்கே இருக்கிறாள் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அவளைப் பற்றி நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

இவர் சுற்றிலும் பார்த்து ஒரு கல்லை எடுத்தார். என்னைப் பார்த்தார். கீழே நின்ற அப்பாவைப் பார்த்தார். கல்லை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டார்.

அப்பா இன்னும் துண்டைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். அவ்வளவு தூரத்திலிருந்து, நாங்கள் கண்டுபிடித்துவிட்டோமா இல்லையா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. சித்திரை வெயில். கை மாற்றிக்கொண்டார்; துண்டு இறங்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நம்புகிற மனுஷன், அந்த இடத்தைப் பார்த்தபடியே நின்றார். இடம் கிடைத்துவிட்டது, கையை இறக்குங்கள் என்று யாராவது ஜாடை காட்ட வேண்டும். இவர் கையைத் தூக்கப் போனார். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டேன். அப்பா அங்கே நிற்கிற வரைக்கும்தான் இது என் பிள்ளை இருக்கிற இடம். அவர் கையை இறக்கிவிட்டால் இதுவும் பரம்புதான்.

இன்னும் கொஞ்ச நேரம் அவரை அப்படியே நிற்க வைத்தேன். பிறகு நானே கையைக் காட்டினேன்.